மனநல மருத்துவமனைகளைக் கண்காணிப்பது யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மற்ற மருத்துவமனைகளுக்கு இல்லாத தனிக் கண்காணிப்பு மனநலச் சிகிச்சைக்கு மட்டும் எதற்கு?

ஏனென்றால் இங்கே, ஒரு குற்றமும் செய்யாத ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகப் பூட்டி வைக்கச் சட்டம் இடம் தருகிறது. வேண்டாம் என்பவருக்கு ஊசி போடவும் சில சூழல்களில் அனுமதி உண்டு. இதயநோய் வார்டில் இருப்பவர் மருத்துவரைப் பிடிக்கவில்லை என்றால் எழுந்து போய்விடலாம். பூட்டிய மனநல வார்டில் இருப்பவரால் முடியாது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அதுதான் முக்கியமானது. உள்ளே இருப்பவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. "அடித்தார்கள்" என்றால் பிரமை. "சாப்பாட்டில் ஏதோ கலக்கிறார்கள்" என்றால் சந்தேக நோய். "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அழுதால் நோய் இன்னும் தணியவில்லை. புகாரே அறிகுறியாகக் குறிக்கப்படும் இடத்தில், அந்தப் புகாரைக் கேட்க வெளியிலிருந்து ஒருவர் வந்தே ஆகவேண்டும்.

1887-இல் நெல்லி பிளை என்ற பத்திரிகையாளர், மனநோய் உள்ளவர் போல் நடித்து நியூயார்க்கின் பிளாக்வெல்ஸ் தீவு மனநலக் காப்பகத்துக்குள் போய்ப் பத்து நாள் இருந்தார். உள்ளே போனதும் நடிப்பை நிறுத்திவிட்டு எப்போதும்போல் பேசினார், நடந்தார். ஒரு பயனும் இல்லை. தெளிவாகப் பேசப் பேச, அவரை இன்னும் மோசமான நோயாளியாகத்தான் பார்த்தார்கள் என்று பிறகு எழுதினார். பத்திரிகையின் வழக்கறிஞர் வெளியிலிருந்து வந்துதான் அவரை மீட்க வேண்டியிருந்தது. அங்கிருந்த மற்றப் பெண்களுக்கு அப்படி வர யாரும் இல்லை.

"சுதந்திரமான" கண்காணிப்பு என்றால் யாரிடமிருந்து சுதந்திரம்?

மருத்துவமனையிடமிருந்து மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. அந்த மருத்துவமனையை நடத்துகிற, அல்லது அதற்குப் பணம் கொடுக்கிற துறையிடமிருந்தும் விலகி நிற்க வேண்டும். சம்பளம் யார் கொடுக்கிறார்கள், யார் நியமிக்கிறார்கள், பிடிக்காத அறிக்கை எழுதினால் யார் நீக்க முடியும், அந்த அறிக்கையை வெளியிட யாருடைய அனுமதி வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால் போதும். எல்லாவற்றுக்கும் பதில் ஒரே அதிகாரி என்றால், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் அது சுதந்திரமான அமைப்பு இல்லை.

தென்னாப்பிரிக்காவில் இதற்கு மிகப் பெரிய விலை கொடுத்தார்கள். கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறை, செலவைக் குறைப்பதாகச் சொல்லி, லைஃப் எசிதிமெனி என்ற நிறுவனத்தில் நீண்டகாலமாக இருந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைச் சிறிய தொண்டு நிறுவனங்களுக்கு மாற்றியது. குடும்பத்தினர் எதிர்த்தார்கள், மருத்துவர்கள் எச்சரித்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 2016-இல் மரணங்கள் வரிசையாக நடந்தன. மொத்தம் 144 பேர். அவர்களை ஏற்றுக்கொண்ட 27 நிறுவனங்களில் ஒன்றுக்குக்கூடச் செல்லத்தக்க உரிமம் இல்லை என்று சுகாதாரப் புகார்களை விசாரிக்கும் நடுவர் மலெகபுரு மக்கோபா 2017-இல் அறிக்கை தந்தார்.

மாகாணத்தில் மனநல மறுஆய்வு வாரியம் ஏற்கெனவே இருந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. சட்டப்படி அமைக்கப்பட்ட வாரியம்தான். ஆனால் அது அதிகாரமும் சுதந்திரமும் இன்றி, பெயரளவில் மட்டும் இருந்ததாக அதே அறிக்கை சொன்னது. உண்மையை வெளியே கொண்டுவந்தது, அந்தத் துறைக்குக் கட்டுப்படாத நடுவர் அலுவலகமும், பிறகு ஓய்வுபெற்ற துணைத் தலைமை நீதிபதி டிக்காங் மொசெனெக்கே பொதுவில் நடத்திய மத்தியஸ்த விசாரணையும்தான்.

கண்காணிப்பு என்றால் ஆய்வுக்கு வந்து போவது மட்டும்தானா?

இல்லை. ஒருவரைத் தொடர்ந்து உள்ளே வைத்திருப்பது சரியா என்று பார்ப்பது ஒரு வேலை, அதை மறுஆய்வு மன்றங்கள் செய்கின்றன. கட்டடம், உணவு, ஊழியர் எண்ணிக்கை, வார்டு நடைமுறை ஆகியவற்றை நேரில் வந்து பார்ப்பது இன்னொன்று. தனிப்பட்ட புகாரை விசாரிப்பது வேறு. உள்ளே நடக்கும் மரணங்களை விசாரிப்பது அதிலிருந்தும் வேறு. பல நாடுகளில் இவை வெவ்வேறு அமைப்புகளிடம் இருக்கின்றன. "இது எங்கள் வரம்பில் வராது" என்ற பதிலைக் குடும்பங்கள் அடிக்கடி கேட்பது இதனால்தான். எந்தப் புகார் எங்கே போகவேண்டும் என்று ஆரம்பத்திலேயே தெரிந்துகொண்டால் பாதி அலைச்சல் குறையும்.

முன்னறிவிப்பு இல்லாமல் வந்து பார்ப்பது அவ்வளவு முக்கியமா?

மிக மிக முக்கியம். 1814-இல் இங்கிலாந்தின் யார்க் நகரக் காப்பகத்துக்கு காட்ஃப்ரி ஹிக்கின்ஸ் என்ற மாஜிஸ்திரேட் சொல்லாமல் கொள்ளாமல் போனார். வழக்கமாகப் பார்வையாளர்களுக்குக் காட்டும் பகுதியோடு நிற்காமல், பூட்டிய கதவுகளைத் திறக்கச் சொன்னார். அவ்வளவு காலம் யாருக்கும் காட்டாத அறைகளும், அவற்றில் மலமும் ஈரமுமாகக் கிடந்த வைக்கோலும் அப்போதுதான் வெளிச்சத்துக்கு வந்தன. நாடாளுமன்ற விசாரணைக்கு அது ஒரு காரணமானது.

இதற்கு நேர் எதிரான அனுபவம் நெல்லி பிளையுடையது. அவருடைய கட்டுரைகளுக்குப் பிறகு ஒரு நடுவர் குழு அவரையும் அழைத்துக்கொண்டு காப்பகத்தைப் பார்க்கப் போனது. ஆனால் செய்தி அவர்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்திருந்தது. வார்டுகள் சுத்தமாக இருந்தன, அவர் பேசிப் பழகிய சில பெண்கள் அங்கே இல்லை.

நல்ல ஆய்வாளர் பகல் பதினொரு மணிக்குக் கோப்பு பார்க்க வருபவர் இல்லை. இரவில் வருவார், விடுமுறை நாளில் வருவார். கழிவறைக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்ப்பார். யாரை, எப்போது, எவ்வளவு நேரம் கட்டி வைத்தார்கள் என்ற பதிவேட்டை எடுத்து, அதே நாளின் செவிலியர் குறிப்போடு ஒப்பிடுவார். அப்புறம், ஊழியர் யாரும் பக்கத்தில் இல்லாமல் நோயாளிகளோடு உட்கார்ந்து பேசுவார். இந்தக் கடைசி வேலையைச் செய்யாத ஆய்வை நான் ஆய்வாகவே கணக்கில் எடுக்க மாட்டேன்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இதைச் சாதாரணக் குடிமக்களே செய்கிறார்கள். 'சமூகப் பார்வையாளர்கள்' என்ற பெயரில் தன்னார்வலர்கள் முன்னறிவிப்பு இல்லாமல் மனநல மையங்களுக்குள் போகலாம், பேசலாம், ஆவணங்களைப் பார்க்கலாம். அவர்கள் கண்டதெல்லாம் ஆண்டறிக்கையாக நாடாளுமன்றத்தின் முன் வைக்கப்படுகிறது.

மருத்துவர்களே ஒருவரை ஒருவர் சரிபார்த்துக்கொள்ள முடியாதா?

செய்யட்டும், செய்யவும் வேண்டும். இங்கிலாந்தில் சம்மதமின்றி மூன்று மாதத்துக்கு மேல் மருந்து தொடர வேண்டுமானால், மருத்துவமனைகளை ஆய்வு செய்யும் ஒழுங்காற்று ஆணையம் அனுப்பும் வேறொரு மருத்துவரின் ஒப்புதல் வேண்டும். நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் அது மட்டும் போதாது. சிட்னியில் செம்ஸ்ஃபோர்ட் என்ற தனியார் மருத்துவமனையில் 1960-களிலும் 70-களிலும் ஹாரி பெய்லி என்ற மருத்துவர் நோயாளிகளை நாள்கணக்கில் மருந்தால் மயக்கத்தில் வைத்து 'ஆழ்துயில் சிகிச்சை' கொடுத்தார். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சக மருத்துவர்களில் பலருக்கு விஷயம் தெரியும். ஆனாலும் அரசு விசாரணை ஆணையம் அமைந்தது 1988-இல். அந்த இடைவெளியில் புகார் சொன்ன நோயாளிகளும் செவிலியர்களும் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

மறுஆய்வு மன்றங்களில் யார் உட்கார வேண்டும்?

சட்டம் தெரிந்தவர் ஒருவர், மனநல மருத்துவர் ஒருவர், இரண்டு துறையையும் சாராதவர் ஒருவர். அயர்லாந்தின் மூவர் தீர்ப்பாயம் இப்படித்தான் அமைகிறது, கட்டாயச் சேர்க்கை ஒவ்வொன்றையும் 21 நாளுக்குள் அது பார்க்க வேண்டும், நோயாளி விண்ணப்பிக்க வேண்டியதே இல்லை. நார்வேயின் கட்டுப்பாட்டுக் குழுக்களில், தானே நோயாளியாக இருந்தவரோ நோயாளியின் நெருங்கிய உறவினரோ ஓர் உறுப்பினராக இருக்க முயற்சி எடுக்கிறார்கள்.

உள்ளே இருந்த அனுபவமுள்ளவர் குழுவில் இருப்பது வெறும் மரியாதைக்காக இல்லை. "அவர் ஒத்துழைக்கவில்லை" என்று கேஸ் ஷீட்டில் எழுதியிருந்தால், என்ன நடந்தபோது ஒத்துழைக்கவில்லை என்று கேட்கத் தோன்றுவது பெரும்பாலும் அவருக்குத்தான்.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017-இல் இயற்றப்பட்டு, 2018 மே 29 முதல் நடைமுறைக்கு வந்தது. மாநில அளவில் மனநல ஆணையம் இருக்கிறது. மனநல மையங்களைப் பதிவு செய்வதும், புகார் வந்தாலோ தானாகவோ ஆய்வு செய்வதும் அதன் பொறுப்பு. அதற்குக் கீழே மாவட்டத்துக்கோ, சில மாவட்டங்கள் சேர்ந்த தொகுதிக்கோ மனநல சீராய்வு மன்றம். மாவட்ட நீதிபதி தகுதியுள்ளவர் தலைவர். மாவட்ட ஆட்சியரின் பிரதிநிதி, மனநல மருத்துவர், இன்னொரு மருத்துவர் ஆகியோருடன், மனநோய் உள்ளவர்கள், பராமரிப்பவர்கள், அல்லது அவர்களுக்காக இயங்கும் அமைப்பினர் என்ற பிரிவிலிருந்து இருவர்.

தானே முடிவெடுக்க முடியாத நிலையில் ஒருவரைச் சேர்த்தால் முதலில் 30 நாள்தான் வைத்திருக்க முடியும். அந்தச் சேர்க்கையை மன்றத்துக்குத் தெரிவித்தாக வேண்டும்: பெண் அல்லது சிறார் என்றால் மூன்று நாளுக்குள், மற்றவர்கள் என்றால் ஏழு நாளுக்குள். சேர்க்கையை எதிர்த்து விண்ணப்பித்தால் மன்றம் ஏழு நாளில் முடிவு சொல்ல வேண்டும். 30 நாளுக்கு மேல் நீட்டிக்க மன்றத்தின் அனுமதி வேண்டும். விண்ணப்பத்துக்குக் கட்டணம் இல்லை, இலவசச் சட்ட உதவிக்கு உரிமை உண்டு. மன்றத்தின் முடிவை எதிர்த்து 30 நாளுக்குள் உயர் நீதிமன்றம் போகலாம்.

சட்டம் நன்றாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் உறுப்பினர் நியமனம் தாமதமானால், மன்றம் கூடாவிட்டால், ஏழு நாள் என்று சட்டத்தில் இருப்பதால் உள்ளே இருப்பவருக்கு ஒரு பயனும் இல்லை. பல மாநிலங்களில் இந்த மன்றங்களை அமைப்பதற்கே ஆண்டுக்கணக்கில் ஆனது. உங்கள் மாவட்டத்துக்கான மன்றம் எப்போது கூடுகிறது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டுப் பார்க்கலாம்.

நோயாளியைக் கட்டிவைப்பது சட்டப்படி சரியா?

சங்கிலியால் கட்டுவது எந்த வடிவிலும் கூடாது என்று இந்தியச் சட்டம் நேரடியாகத் தடை செய்கிறது. தனியறையில் அடைப்பதற்கும் தடை. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், மனநல மருத்துவரின் ஒப்புதலோடு, தேவைக்கு ஒரு நிமிடமும் கூடாமல் உடலைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, பயமுறுத்தவோ, ஊழியர் பற்றாக்குறையைச் சமாளிக்கவோ செய்யக் கூடாது. நோயாளியின் நியமனப் பிரதிநிதிக்கு (அவர் சார்பில் செயல்பட நியமிக்கப்பட்டவருக்கு) 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், மன்றத்துக்கு மாதாமாதம் அறிக்கை போக வேண்டும்.

ஏர்வாடியை மறந்துவிட்டு இதைப் பேச முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, அங்கே ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது உள்ளே இருந்தவர்கள் சங்கிலியில் இருந்தார்கள். தப்பி ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் அந்தப் பகுதிக் காப்பகங்கள் மூடப்பட்டன, உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்தச் சங்கிலிகள் அதற்கு முன்பும் எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டுதான் இருந்தன.

இங்கிலாந்தில் செனி லூயிஸ் என்ற 23 வயது இளைஞர் 2010-இல் தானாகவே சிகிச்சைக்கு வந்தார். மருத்துவமனைக்குள்ளேயே காவலர்கள் பலர் சேர்ந்து நீண்டநேரம் அழுத்திப் பிடித்ததில் நினைவிழந்து, சில நாளில் இறந்தார். பெற்றோர் விடாமல் போராடியதால் 2018-இல் ஒரு சட்டம் வந்தது. மனநல வார்டுகளில் பலத்தைப் பயன்படுத்தும் நிகழ்வுகளை அங்கே இப்போது பதிவு செய்ய வேண்டும்.

நோயாளி சொல்வதில் பாதி பிரமையாக இருக்கலாமே, எப்படி நம்புவது?

பிரமை இருக்கலாம். ஒரே ஆளுக்குப் பிரமையும் இருக்கலாம், முதுகில் அடிபட்ட தழும்பும் இருக்கலாம். சுவரில் குரல் கேட்கிறது என்று சொல்பவர், நேற்று இரவு யார் தன் கையை முறுக்கினார் என்பதைச் சரியாகவே சொல்ல முடியும். முழுவதையும் நம்ப வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்றுதான் கேட்கிறோம்: உடலைப் பார்ப்பது, அன்றைய பணிப்பட்டியலைப் பார்ப்பது, பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம் கேட்பது, கேமரா பதிவு இருந்தால் எடுப்பது. வேறு யார் புகார் கொடுத்தாலும் செய்யும் வேலைகள்தானே இவை?

ஜப்பானில் உட்சுனோமியா மருத்துவமனையில் ஊழியர்கள் அடித்ததில் இரண்டு நோயாளிகள் இறந்தது 1984-இல் வெளியானது. உள்ளே நடந்தது வெளியே தெரிந்தபின் நாடே அதிர்ந்து, 1987-இல் சட்டத்தைத் திருத்தி மறுஆய்வு வாரியங்களைக் கொண்டுவந்தார்கள். உள்ளே இருந்தவர்கள் சொன்னதை அதற்கு முன்பே யாராவது சரிபார்த்திருந்தால் அந்த இருவரும் பிழைத்திருக்கக் கூடும்.

கண்காணிப்பு ஊழியர்களின் கையைக் கட்டிப்போடாதா?

இரவில் ஐம்பது பேருக்கு இரண்டு செவிலியர் என்று விட்டுவிட்டு, ஏதாவது நடந்ததும் அந்த இருவரை மட்டும் தண்டிக்கும் முறை நிச்சயம் அநியாயம். நல்ல கண்காணிப்பு அந்த எண்ணிக்கையைத்தான் முதலில் எழுதும். மேலதிகாரி காதில் போட்டுக்கொள்ளாத ஆள் பற்றாக்குறை, வெளி அறிக்கையில் அச்சானால் நகரத் தொடங்கும்.

தவறைப் பார்த்துவிட்டுச் சொல்லத் துணியும் ஊழியருக்கும் பாதுகாப்பு வேண்டும். இங்கிலாந்தின் விண்டர்போர்ன் வியூ என்ற தனியார் மருத்துவமனையில் மனவளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களைக் கொடுமைப்படுத்துவதாக ஒரு மூத்த செவிலியர் நிர்வாகத்திடம் சொன்னார், ஒழுங்காற்று ஆணையத்திடமும் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. 2011-இல் தொலைக்காட்சி ஒன்று ரகசியக் கேமராவோடு ஆள் அனுப்பிப் படம் பிடித்தபின்தான் இடம் மூடப்பட்டது, பதினொரு ஊழியர்களுக்குத் தண்டனை கிடைத்தது. தங்கள் தவறை ஆணையமும் ஒப்புக்கொண்டது.

குடும்பமே சேர்த்திருக்கும்போது வெளியார் ஏன் தலையிட வேண்டும்?

பெரும்பாலான குடும்பங்கள் அன்போடும் களைப்போடும்தான் கொண்டுவந்து விடுகின்றன. ஆனால் சொத்துத் தகராறு, பிடிக்காத காதல், விவாகரத்து வழக்கு போன்ற காரணங்களுக்காகவும் ஆட்கள் அடைக்கப்பட்டிருக்கிறார்கள். சேர்த்தவரின் சொல்லையும் சேர்க்கப்பட்டவரின் சொல்லையும் தனித்தனியாகக் கேட்க ஒருவர் வேண்டும்.

உலக அளவில் பொதுவான விதி ஏதும் உண்டா?

2006-ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, அவர்களுக்கான எல்லா மையங்களையும் சுதந்திரமான அமைப்புகள் கண்காணிக்க வேண்டும் என்கிறது. இந்தியா 2007-இல் அதை ஏற்றது. சித்திரவதைத் தடுப்பு உடன்படிக்கைக்கு 2002-இல் வந்த கூடுதல் நெறிமுறை இன்னும் வலுவானது. அதில் சேர்ந்த நாடுகள், சிறைகளோடு பூட்டிய மனநல வார்டுகளுக்கும் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடிய தேசிய அமைப்பை வைத்திருக்க வேண்டும். இந்தியா மூல உடன்படிக்கையில் 1997-இல் கையெழுத்திட்டதே தவிர, இன்னும் உறுதிசெய்யவில்லை.

அறிக்கைகளைப் பொதுவில் போட்டால் நோயாளிகளின் ரகசியம் என்ன ஆகும்?

பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டுப் போடலாம். அயர்லாந்தின் மனநல ஆணையம் ஒவ்வொரு மையத்தின் ஆய்வறிக்கையையும் மையத்தின் பெயரோடு இப்படித்தான் வெளியிடுகிறது. ரகசியம் காக்கப்பட வேண்டியது நோயாளிக்கு. மருத்துவமனைக்கு அந்த உரிமை கிடையாது.

என் உறவினர் உள்ளே அடிக்கிறார்கள் என்கிறார். நான் என்ன செய்ய?

முதலில் அமைதியாக, குறுக்கிடாமல் கேளுங்கள். "அப்படியெல்லாம் இருக்காது" என்று சொல்லிவிடாதீர்கள், அதன்பின் அவர் உங்களிடமும் சொல்ல மாட்டார். தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அன்றே எழுதி வையுங்கள். காயம் தெரிந்தால் அவர் சம்மதத்தோடு படம் எடுங்கள், முடிந்தால் அந்த மருத்துவமனையைச் சேராத மருத்துவர் ஒருவரிடம் காட்டுங்கள்.

புகாரை வாயால் சொல்லி நிறுத்தாமல் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். இந்தியாவில் முதலில் மையத்தின் பொறுப்பு மருத்துவர், அங்கே திருப்தி இல்லையென்றால் சீராய்வு மன்றம், பிறகு மாநில ஆணையம் என்பது சட்டம் சொல்லும் வரிசை. உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்த வரிசைக்காகக் காத்திருக்க வேண்டாம். காவல் நிலையத்துக்கு உடனே போங்கள், உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவும் போடலாம். மருத்துவப் பதிவேடுகளின் நகலைக் கேளுங்கள். அடிப்படைப் பதிவுகளைப் பார்க்க நோயாளிக்குச் சட்டப்படி உரிமை உண்டு.

புகார் கொடுத்தபின் அடிக்கடி போய்ப் பாருங்கள், வேறு வேறு நேரங்களில். புகார் கொடுத்தவரை உள்ளே பழிவாங்குவதும் நடக்கும்.

உள்ளே ஒருவர் இறந்துவிட்டால்?

மருத்துவமனையின் சொந்த விளக்கத்தோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. உடற்கூறாய்வு, வெளி விசாரணை, கேமரா பதிவுகளை அழியாமல் வைக்கச் சொல்லும் கடிதம் ஆகிய மூன்றையும் முதல் நாளிலேயே எழுத்தில் கேளுங்கள். பதிவுகள் சீக்கிரம் அழிந்துவிடும்.

ஓர் இடத்தில் சேர்ப்பதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். கடைசியாக எப்போது ஆய்வு நடந்தது, என்ன குறை எழுதினார்கள் என்று கேளுங்கள். கட்டுப்படுத்திய நிகழ்வுகளின் பதிவேடு இருக்கிறதா, கைப்பேசியில் பேச விடுவார்களா, எந்த நேரத்தில் வந்து பார்க்கலாம், இரவில் எத்தனை பேர் பணியில் இருப்பார்கள் என்றும் கேளுங்கள். சீராய்வு மன்றத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும் நோயாளிகள் பார்க்கும் இடத்தில் ஒட்டப்பட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். "முதல் ஒரு மாதம் யாரும் வந்து பார்க்கக் கூடாது" என்று சொல்லும் இடத்தில் சேர்க்காதீர்கள்.